காப்பிப்பூ ஐகானில் ஓரம் பிசிறடித்தது

ஏற்காட்டுக் காப்பிப்பூப் படத்தைத் தம்பி ஜிஃப் கோப்பாக அனுப்பியிருந்தான். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 100 பிக்சல் ஐகானாகச் சுருக்கினால் இதழ் ஓரமெல்லாம் ரம்பப் பல். ரோஸ் நிறத்தில் பெயர் எழுதினால் சாம்பலாக விழுகிறது! இன்டர்போலேஷனை (அளவு மாறும்போது புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் முறை) கியூபிக் என்ற வகைக்கு மாற்றினேன், மாற்றமில்லை. பிளர் கருவி வேலையே செய்யவில்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், அதுவும் தண்டம்.

விஷயம் அளவு மாற்றும் பெட்டியின் அடியிலேயே சின்ன எழுத்தில் இருந்தது: இன்டெக்ஸ்டு படங்களுக்கு, அதாவது குறிப்பிட்ட நிறப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் படங்களுக்கு, இன்டர்போலேஷன் கிடையாது. ஜிஃப் படமும் இந்த வகைதான், பட்டியலில் அதிகபட்சம் 256 நிறம்தான். அதில் ரோஸ் இல்லாவிட்டால் கிட்டத்தில் உள்ளதைப் போட்டுவிடும்.

இமேஜ் மெனுவில் மோட் போய் முதலில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் தரும் முறை) ஆக்கினேன், அப்புறம் சுருக்கினேன். இதழ் வழவழவென்று வந்தது, பெயரும் ரோஸ். அப்பாடா! சேமிக்க பிஎன்ஜி போதும். ஜிஃப்தான் வேண்டுமென்றால் எல்லா வேலையும் முடிந்தபின் இன்டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள்.