கம்பி நீட்டிய மாடியில் கீரை போட்ட கதை

மொரீசியஸில் ஒரு வீட்டை வெளியிலிருந்து பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் கணக்கு தெரிந்துவிடும். மாடியில் தூண் தூணாகக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு இன்னும் வீடு பாக்கி என்று அர்த்தம். எங்கள் ரோஸ் ஹில் வீட்டில் அந்தப் பிள்ளை என் கணவர். 1960-இல் கரோல் புயல் மாமனாரின் அப்பா போட்டிருந்த தகர வீட்டைக் கொண்டுபோன பிறகு கான்கிரீட்டில் கட்டிய கீழ்த்தளத்தில் மாமியாரும் நாங்கள் நாலு பேரும், மேலே மூத்தாரும் ஓரகத்தியும் அவர்கள் பிள்ளைகளும், அதற்கும் மேலே எங்களுக்கான கம்பிகள், பதினொரு வருஷமாக. படுக்கை அறை இரண்டு, ஆள் ஐந்து. பெரியவள் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் குளியலறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். கடன் அமையவில்லை, அமைந்தால் சிமென்ட் விலை ஏறிவிடுகிறது. வீட்டை விட்டு நாமே கம்பி நீட்டிவிடலாமா என்று யோசித்த நாட்கள் அவை.

அப்போது ஒருநாள் துணி காயப்போட மேலே போனவள், யாரோ விட்டுப்போன பெயின்ட் வாளியில் பிரெட் மார்தேன், அதாவது நம் மணத்தக்காளி, தானாக முளைத்துக் காய்த்திருப்பதைப் பார்த்தேன். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எரு போடவில்லை. சரி, நாமும் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்ததுதான். விதை ஊன்றுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: கம்பி முனைகள்

செடிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். குனிந்து நிமிரும்போது கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில்தான் முனைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டி, கயிற்றால் கட்டிவிடுங்கள். நுனி துருப்பிடிப்பதும் குறையும்.

இரண்டாவது: வாளியும் எடையும்

கடையில் விற்கும் அழகான கறுப்புத் தொட்டி வேண்டாம். இங்கே டிசம்பர்தான் வெயில் காலம், வேர் வெந்துவிடும். 20 லிட்டர் வெள்ளைப் பெயின்ட் வாளிதான் என் கட்சி, அதுவும் தண்ணீரில் கரையும் பெயின்ட் வந்த வாளி மட்டும், ஆயில் பெயின்ட் வாளி வேண்டாம். பெயின்டர்களிடம் கேட்டால் சும்மா தருவார்கள். ஈரமண் நிரம்பிய ஒரு வாளி 30 கிலோவைத் தாண்டும், அதனால் தளத்தின் நடுவில் குவிக்காதீர்கள். தூணுக்குத் தூண் பீம் ஓடும் வரிசையில், சுவரை ஒட்டினாற்போல், ஆனால் சுவரில் படாமல் வையுங்கள். பெரிய டிரம் வைப்பதானால் கட்டிய மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது: தண்ணீர் போகும் வழி

நான் சறுக்கிய இடம் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் வருஷம் வாளிகளைத் தளத்தின் மேல் அப்படியே வைத்தேன், அடியில் ஆணியைக் காய்ச்சி நாலு ஓட்டை போட்டு. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மண் கழுவிக்கொண்டு போய் மூலையிலிருக்கும் வடிகுழாய்க்குள் படிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. 2024 ஜனவரி 15, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த அன்றைக்கு எங்கள் மாடி தொட்டியாகிவிட்டது. சுற்றிலும் கைப்பிடிச் சுவர், குழாய் அடைப்பு, தண்ணீர் எங்கே போகும்? கம்பிகள் தளத்திலிருந்து கிளம்பும் இடத்தில் எப்போதும் மயிரிழை விரிசல் இருக்கும், அதன் வழியாக இறங்கி ஓரகத்தியின் துணி அலமாரிக்குள் சொட்டியது. அவருடைய காவடித் திருவிழாப் புடவை அதில்தான் இருந்தது. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை, நியாயம்தான்.

இப்போது நான் செய்வது இது. முதலில் விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை இரண்டு கை பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். வாளிகள் தளத்தில் உட்காரக் கூடாது, உடைந்த புளோக்கு துண்டுகள் இரண்டின் மேல் நிற்கட்டும், அடியில் துடைப்பம் நுழைய வேண்டும். ஓட்டையை அடியில் போடாமல் பக்கத்தில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போடுங்கள், உள்ளே அந்த உயரம் வரை சரளை, அதன் மேல் பழைய கொசுவலைத் துண்டு, பிறகு மண். குழாய் வாய்க்குத் தட்டையான வலை போடாதீர்கள், நாலு இலை விழுந்தால் மூடிவிடும். சமையலறை வடிகட்டியைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வையுங்கள், பக்கவாட்டிலாவது தண்ணீர் நுழையும். கடைசியாக, ஒரு செடிகூட வைப்பதற்கு முன்னால் பத்து வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டு, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு அதை எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

வாளிக்கு அடியில் தட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும். 2006-இல் சிக்குன்குன்யா வந்து மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

மண்

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய ஆட்டெரு, ஒரு பங்கு பழைய கரும்புச் சக்கை. பழையது என்றால் கறுத்து உதிர்வது. புதுச் சக்கையைக் கலந்தால் அது மக்குவதற்குச் செடியின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும், இலை மஞ்சளாகிவிடும். கட்டட வேலையில் மிஞ்சிய பாறைத்தூள் மணல் சும்மா கிடக்கிறதே என்று கலந்தேன், பத்து நாளில் இறுகி அடைபோல் ஆகிவிட்டது.

என்ன போடலாம்

தண்டுக்கீரை, இங்கே பிரெட் மல்பார். மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம், நுனியைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும். முதல்முறை போடுகிறவர்கள் இதிலேயே ஆரம்பியுங்கள், மனசு விட்டுப்போகாது. மணத்தக்காளி, சின்ன மிளகாய், புதினா எல்லாம் வரும். கொத்தமல்லியை மே மாதத்துக்குப் பிறகு போடுங்கள், வெயில் காலத்தில் இரண்டு இலை விட்டதும் பூத்துவிடும். முருங்கையை மாடியில் வைக்காதீர்கள், காற்று முறித்துவிடும்.

மிளகாய்க்கு வலை வேண்டும். கோந்தே குருவி, அதாவது கொண்டை வைத்த சின்னான், பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துத் தின்னும். அதன் தலையைப் பார்த்தால் அந்தப் பெயர் நம் கொண்டையேதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வலையை அந்தக் கம்பிகளிலேயே கட்டலாம், அதற்காவது உதவட்டும்.

புயலுக்கு முதலாம் எச்சரிக்கை வந்தவுடனே வலையை அவிழ்த்து, வாளிகளைச் சுவரோரம் நெருக்கி, குழாய் வாயைத் துப்புரவாக்கிவிட வேண்டும். இரண்டாவது வரட்டும் என்று இருக்காதீர்கள். மூன்றாம் எச்சரிக்கைக்குப் பிறகு செடி போனால் போகட்டும், மேலே ஏறாதீர்கள்.

பிறகு சேர்த்தது: கியூர்பிப்பிலிருந்து ஒரு அக்கா, விதை முளைக்காமல் அழுகிறது என்று எழுதியிருந்தார். அங்கே தூறல் நிற்காது, எங்கள் ரோஸ் ஹில் கணக்கு அங்கே செல்லாது. செம்மண்ணை ஒரு பங்காகக் குறைத்து, சரளையை நாலு விரல் உயரத்துக்குக் கூட்டுங்கள் என்றேன். இப்போது கீரை வந்திருக்கிறதாம்.

இன்னொன்று: நான் பெரிய டிரம்மில் வளர்க்கும் கறிவேப்பிலை பற்றிப் பலர் கேட்டீர்கள். கிரியோலில் கரிப்புலே என்று கேட்டால் பக்கத்து வீட்டிலேயே வேர்க்கன்று கிடைக்கும், விதைக்காக அலையாதீர்கள். என்னுடையது கிழக்குத் தூணுக்குப் பக்கத்தில் பீம் மேல் இருக்கிறது. அதன் நிழலில் பெரியவள் ஒரு மேசை போட்டுக்கொண்டு படிக்கிறாள். மேலே வீடு கட்டும் வேலை ஆரம்பித்தால் முதலில் அந்த மூலையைத்தான் தொடுவார்கள், டிரம்மை இறக்க நாலு ஆள் வேண்டும். மூத்தாரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.