டிப்ரஷன் கடலிலா, மனசிலா?

பாம்பனில் 1-ஆம் எண் புயல் கூண்டு ஏறியிருந்த நாள். வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், கல்லூரிக்குப் போகும் பேத்தி, "ரெண்டு நாளா ஒரே டிப்ரஷன் தாத்தா" என்றாள். அவர் தலையைத் தூக்கவில்லை. "அது நடுக்கடல்லதான ஆத்தா நிக்குது, கரைக்கு எப்ப வந்துச்சு?"

பெரியவருக்கு டிப்ரஷன் என்றால் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அந்தச் சொல்லுக்கு அளவு உண்டு. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசினால் டிப்ரஷன், 62-ஐத் தொட்டால் புயல். பேத்தியின் சொல்லுக்கும் அளவு உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாது. மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ குறைந்தது 2 வாரம், அனேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பொழுது இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, தெம்பு என ஒவ்வொன்றாகக் கெட்டு, அன்றாட வேலையே ஓடாது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் கையைப் பிசைந்துகொண்டு இருப்பவருடையது கவலை. அதற்கு நோய்ப்பெயர் தேவையில்லை. ஆனால் தடை முடிந்து எல்லாப் படகும் கிளம்பிய பிறகும் ஒருவர் பாயை விட்டு எழவில்லை என்றால், அவரைச் சோம்பேறி என்கிறோம் பாருங்கள், அது இன்னும் பெரிய தப்பு.

வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவரை 'ஓசிடி' என்கிறோம், அது ஓசிடி என்னும் மனநோய் இல்லை. வேண்டாத நினைப்பு விடாமல் துரத்த, அதைத் தணிக்கவே திரும்பத் திரும்பக் கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான் அந்த நோய்.

பி.எட். படிப்பவர்களே வழுக்கும் இடம், 'எதிர்மறை வலுவூட்டல்'. தண்டனை என்று எழுதிவிடுவார்கள். இல்லை, ஒரு தொல்லை நீங்குவதாலேயே ஒரு செயல் வலுப்பட்டு மறுபடியும் நடப்பதுதான் அது. பிள்ளை செல்போன் கேட்டு அழுகிறது, அம்மா கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. தொல்லை நீங்கியதால் அடுத்த முறையும் அம்மா கொடுப்பார். இங்கே எதிர்மறை வலுவூட்டல் நடந்தது அம்மாவுக்கு!

எனக்கு ஆற்றாமை தருவது ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய்தான். சினிமா புண்ணியத்தில் அதை 'ஒரு ஆளுக்குள்ள ரெண்டு ஆளு' என்று நினைக்கிறோம். 1908-இல் சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர் வைத்த பெயருக்குப் 'பிளந்த மனம்' என்று பொருள், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவர் சொன்ன பிளவு வேறு: நினைப்பு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பது. இந்த நோய் வந்தவருக்கு இல்லாத குரல் கேட்கும். யாரோ சதி செய்வதாகத் தோன்றும். அதைப் பேய் என்று நம்பியும் எத்தனையோ குடும்பங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி தர்காவுக்கு வந்தன. அங்கே ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது.

இன்னொன்று: மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். யாரைப் பார்ப்பது என்றே புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.