பனிக்காட்டில மூன்று இரவு: முள்ளியவளையில இருந்து போறவைக்கு

வெளிநாட்டில பிள்ளையள் இருந்தா ஒருநாள் கேப்பினம், "அம்மா, வடக்கில பனிக்காட்டுக்குப் போவமோ?" எண்டு. நோர்வேயில இருக்கிற என்ர மகன் போன டிசம்பர் கடைசியில பின்லாந்தின்ர இனாரிப் பக்கம் காட்டு விடுதியொண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். மைனஸ் 25.

ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் வீசா காணும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுக்கவேணும்.

உடுப்பில கவனம். பருத்தி வேண்டாம்; வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாக் கிடந்து உடம்பை விறைக்கப் பண்ணும். உள்ளுக்குக் கம்பளி, மேல காத்துப் புகாத ஜக்கெற்.

சப்பாத்திலதான் நான் பிழை விட்டன். குளிருக்குப் பயந்து மூன்று சோடி மேஸ் போட்டு, காலை அமத்தித் திணிச்சன். அரை மணித்தியாலத்தில சின்னவிரல் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்ல. வழிகாட்டிப் பெட்டை குனிஞ்சு சப்பாத்து நுனியைப் பெருவிரலால அமத்திப் பாத்தாள், தலையை ஆட்டினாள், ரெண்டு அளவு பெரிசாக் கொண்டந்து தந்தாள். உள்ளுக்க விரல் ஆட இடம் வேணும். அந்த இடத்தில நிக்கிற காத்துத்தான் சூட்டைக் காக்கிறது. இறுக்கினா ரத்தம் ஓடாது.

தோடு, மூக்குத்தியைக் கழட்டி வையுங்கோ. உலோகம் குளிர்ந்து காதைச் சுடுற மாதிரிக் கடிக்கும். தேங்காயெண்ணெய்ப் போத்தில் போற வழியிலயே வெள்ளைக் கல்லாகிடும், அதை விடுங்கோ. போனை உள்சட்டைப் பையில வையுங்கோ, வெளியில பிடிச்சா பற்றி கெதியா இறங்கிடும்.

டிசம்பர் கடைசியில அங்க சூரியன் எழும்பாது. மத்தியானம் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். இரவு வானத்தில ஆடுற வடதுருவ ஒளியைப் பாக்க முகில் விலகவேணும். மூடிக் கிடந்தா படுங்கோ. முதல்ல கண்ணுக்கு வெள்ளைப் புகை மாதிரித்தான் தெரியும், போன் படத்திலதான் நல்ல பச்சை. சோனாவில (உடம்பு வேர்க்க இருக்கிற சூட்டு அறை) மேல் படியில ஏறாதேங்கோ, அங்கதான் வெக்கை கூட.

ரெயின்டியர் காட்டில தன்பாட்டில திரியிற மான் எண்டு நினைச்சன். இல்லை, ஒவ்வொண்டுக்கும் உடையவர் இருக்கினம். எங்கட மாட்டுக்குக் குறி சுடுறது போல அவை காதை வெட்டிக் குறி வைப்பினம். "உங்களிட்ட எத்தினை நிக்குது?" எண்டு கேக்கச் சொன்னன். மகன் கேக்க மாட்டன் எண்டிட்டான். அது வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுற மாதிரியாம். யோசிச்சுப் பாத்தன், கண்ணூறு பட்டிடும் எண்டு என்ர அப்புவும் பட்டி மாட்டுக் கணக்கை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.