கும்பிடுபூச்சிக் குஞ்சுகளுக்கு முதல் தீனி

கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு பொரிந்தால் ஒரே நாளில் ஐம்பது, நூறு குஞ்சுகள்கூட வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றும் எறும்பு அளவுதான். ஓரிரு நாளில் பசி வந்ததும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். அதனால் வளர்க்க முடிகிற பத்துப் பதினைந்தை மட்டும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் செடிகளில் விட்டுவிடுங்கள்.

முதல் தீனிக்குப் பழ ஈதான் சரி. நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, காகிதக் கூம்பை வாயில் செருகி வையுங்கள். உள்ளே போன ஈ எளிதில் வெளியே வராது. நாளுக்கு மூன்று நான்கு ஈ போதும். எறும்பு மட்டும் வேண்டாம், அது குஞ்சையே கடித்துவிடும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், மூழ்கிவிடும். டப்பாவின் சுவரில் லேசாகத் தெளியுங்கள். குஞ்சு முகத்தைத் துளியருகே கொண்டுபோய் உறிஞ்சுவதைப் பார்க்க அவ்வளவு அழகு!

முக்கியமானது தோலுரிப்பு. மூடியில் வலைத்துணி கட்டுங்கள். அதில் தலைகீழாகத் தொங்கித்தான் பழைய தோலிலிருந்து வழுகி இறங்கும். டப்பா உயரம் உடல் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். தீனியைத் தொடாமல் அசையாது தொங்கினால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது மிச்ச ஈக்களை எடுத்துவிடுங்கள், டப்பாவை அசைக்கவே வேண்டாம். கீழே விழுந்தால் கால் கோணிப்போகும், பெரும்பாலும் பிழைக்காது. உரித்தபின் உடம்பு கெட்டிப்பட ஒரு நாள் விட்டு, அப்புறம் தீனி போடுங்கள்.