கமராவைக் கிழக்கே திருப்புங்கள்: வன்னி வானில் நட்சத்திரக் கோடுகள்

ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து நட்சத்திரங்களின் நகர்வைக் கோடுகளாகப் பிடிக்கும் நட்சத்திரக் கோட்டுப் படம் என்றாலே துருவ நட்சத்திரத்தைச் சுற்றிய வட்டங்கள்தான் எல்லாருக்கும் நினைவு வரும். வன்னியில் அது லேசில் சரிவராது. நாம் இருப்பது வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேல், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், எதிரே நாலு பாலைமரம் நின்றால் மறைந்துவிடும். கிழக்கே திருப்புங்கள். அங்கே நட்சத்திரங்கள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும், பனைகளுக்குப் பின்னால் மழைக்கம்பி இறங்குவதுபோலப் படம் வரும்.

பற்றரி இல்லாமலே ஷட்டர் திறந்து நிற்கிற பழைய கமராதான் வேண்டும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டிலும் பற்றரி ஒளிமானிக்கு மட்டுந்தான். ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து, அந்த அழுத்தத்தைப் பிடித்துவைக்கப் பூட்டுத் திருகுள்ள கேபிள் ரிலீஸ் ஒன்றை மாட்டுங்கள். 100 ஐஎஸ்ஓ பிலிம், லென்ஸ் துவாரம் எஃப்/4, தூரம் முடிவிலி, ஒரு மணி நேரம். டவுன் வெளிச்சம் வானில் தெரிந்தால் எஃப்/5.6. ஒரு மணிக்கு வானம் 15 பாகை நகரும், 50 மிமீ லென்ஸில் அது படத்தின் நீளப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நீண்ட நேரத்தில் பிலிமின் உணர்திறன் தானாகக் குறைவதால் வானம் வெளிறிப்போகாது, இந்த வேலையில் அது நல்லதுதான்.

மாசி, பங்குனி அமாவாசையை அண்டிய இரவுகள் நல்லவை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் குளக்கட்டில் ட்ரைபொட் அசையாமல் நிற்காது. இடத்தைப் பகலிலேயே பார்த்துவையுங்கள், யானை இறங்கும் வழி எதுவென்று ஊராரைக் கேளுங்கள், மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் ஓர் அடிகூட வேண்டாம்.

தொடங்கும்போது லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து, ஆட்டம் அடங்கியபின் தொப்பியை விலக்குங்கள், முடிக்கும்போதும் முதலில் தொப்பி. இடையில் மோட்டார் சைக்கிள் வந்தாலும் அதே தொப்பிதான், சில விநாடி மறைத்தால் கோடு அறுந்தது தெரியாது. பனி இறங்கும் இரவென்றால், ஒத்தடத்துக்கு வறுப்பதுபோல உப்பை வறுத்துத் துணியில் முடிந்து லென்ஸின் அடியில் கட்டலாம். என் லென்ஸில் நீர் பூக்காமல் காத்தது அதுதான்.

அப்புறம், பிலிமைக் கழுவக் கொடுக்கும்போது “வெட்டாமல் தாங்கோ” என்று கட்டாயம் சொல்லுங்கள். என் முதல் ரோலில் கறுப்புப் படங்களுக்கு எல்லை தெரியாமல் நட்டநடுவே வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து ரோலின் முதல் படத்தைப் பகலிலேயே எடுத்துவிடுகிறேன், பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆடுதான் அகப்படும்.