அந்தமானில் கடைசிக் கடற்கரை நாள்: கடலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கால் நனைத்து வளர்ந்தவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. கடலைப் பற்றி நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்கிற மிதப்பு. அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் குடும்பத்தோடு அந்தமான் போனேன். வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கம்தானே, அதே தண்ணீர்தானே என்று நினைத்தேன். தண்ணீரில் உப்பு ஒன்றுதான். மற்றது எதுவும் ஒன்றில்லை.

பெரிய தவறு, கரையில் கால் வைப்பதற்கு முன்பே, டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. ராதாநகர் கடற்கரை இருப்பது ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் தீவு). விமானம் ஏறுவதோ போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்). இடையில் கப்பல் பயணம். "ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலைக் கப்பல்ல வந்து அப்படியே ஏர்போர்ட் போயிடலாம்" என்று திட்டம் போடுபவர்கள் நிறைய. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். விமானம் நமக்காக நிற்காது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதில் பாதி நேரம் "அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு" என்றுதானே செய்தி ஆரம்பிக்கும்? அந்த இடத்துக்கே போய்விட்டு வானிலையை மறந்தால் எப்படி? கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் அளவுக்கு அழகில்லாவிட்டாலும், கடைசி நாளைக் கழிக்க அங்கே கார்பின்ஸ் கோவ் இருக்கிறது, சூரியன் மறைவதைப் பார்க்கச் சிடியா டாப்பு இருக்கிறது.

அடுத்தது ஓதம். நம் பக்கம் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், கரையில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர். நீல் தீவில் காலையில் கழுத்தளவு தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் பாறையும் பவளமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. என் மாமியார் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "கடல் உள்வாங்கிடுச்சு மாப்ள, புள்ளைங்களத் தூக்குங்க." 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் தேவனாம்பட்டினத்தில் இருந்தவர் அவர். சிரிக்க முடியவில்லை. தேநீர்க் கடைக்காரர் தமிழில் விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார் (போர்ட் பிளேரைச் சுற்றித் தமிழுக்குப் பஞ்சமே இல்லை). ஓதம் வற்றுவது மணிக்கணக்கில், மெல்ல. தரை ஆடியபின் சில நிமிடங்களில் கடல் விறுவிறுவென்று பின்வாங்கினால் மாமியார் சொன்னதுதான் சரி, மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

ஆகவே அன்றைய ஓத நேரத்தைக் காலையிலேயே விடுதியில் கேட்டுவிடுங்கள். நீலில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். மற்ற இடங்களில் குளிக்க அதே நேரம் ஆகாது. வெறுங்காலோடு பவளத்தில் நடந்தால் பாதம் கிழியும், பவளமும் சாகும். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மிதிப்பதும் பவளத்துக்கு ஒன்றுதான், மணலிலேயே நடங்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டுச் செல்ஃபி எடுப்பவர்களும் உண்டு. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் இருப்பது நன்னீர் முதலை. அந்தமானில் இருப்பது உப்புநீர் முதலை. அது கழிமுகத்தில் இருக்கும், சதுப்புக்காட்டு ஓடையில் இருக்கும், கடலிலும் நீந்தும். ஓடை கடலில் கலக்கும் இடத்தில் இறங்காதீர்கள். வலை கட்டிய இடம் இருந்தால் அதற்குள் மட்டும் குளியுங்கள்.

கடைசி நாளில் ஸ்கூபா (காற்று உருளையை மாட்டிக்கொண்டு ஆழத்தில் மூழ்குவது) வேண்டவே வேண்டாம். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். அது வெளியேறுவதற்குள் விமானம் ஏறினால், உள்ளே அழுத்தம் குறைந்து குமிழியாகக் கிளம்பும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை. மேலாக மிதந்து மீன் பார்க்கும் ஸ்நோர்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறதே, வெயிலுக்கு அது காப்பாகாது. முழுக்கைச் சட்டையோடு இறங்குவது எவ்வளவோ மேல்.

சாயங்காலக் கணக்கிலும் நாங்கள் ஏமாந்தோம். கிழக்குக்கரைக்காரர்களுக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும். ராதாநகர் மேற்குப் பார்த்த கரை, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் கடிகாரம் நம் கடிகாரம், சூரியனோ கடலூரைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு தூக்கம் போட்டு, டீ குடித்து, ஐந்தரைக்குப் போய் நின்ற எங்களுக்குக் கிடைத்தது மணல்பூச்சிக் கடி மட்டும்தான்.

பிள்ளைகள் பையைக் கிளம்புவதற்கு முன்பே கொட்டிப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளமானாலும் எடுத்துவரக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்தோடு சில வகைச் சங்குகளும் சேர்ந்தவை, விமான நிலையச் சோதனையில் மாட்டும். ஆசைக்குச் சங்கு வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, பில்லைக் கைப்பையில் வையுங்கள்.

ஈரத்துணிக்கு ஒரு யோசனை. கடைசிக் குளியலைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் முழுக்க விடுதிக் கொடியில் காயப் போடுங்கள். நாங்கள் நான்கு துண்டையும் ஒரு ஜீன்ஸையும் ஈரத்தோடு திணித்துக் கொண்டுபோய், பதினைந்து கிலோவுக்கு மேல் எடை காட்டி, விமான நிலையத் தரையிலேயே பெட்டியைப் பிரித்தோம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்க்க, மாமியார் அந்த ஜீன்ஸை என் தோளில் போட்டுவிட்டார். சென்னை வரை அது அங்கேயேதான் காய்ந்தது.