வைரத்தோட்டின் அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள்

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கடையில் 'ஒரு கேரட் வைரத்தோடு' என்று சீட்டு தொங்கிய சோடியை வாங்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். ஆயா அதைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஒரு கேரட் என்றாயே, இரண்டு மிளகைப் பதித்துக்கொண்டு வந்திருக்கிறாயே" என்றார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டு கற்களும் சேர்ந்துதான் ஒரு கேரட். ஒவ்வொரு காதுக்கும் அரை கேரட். தோடுகளுக்கு மொத்த எடையைச் சொல்லி விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதும், மோதிரத்துக்கு ஒரு கல்லின் எடையைக் கேட்டுப் பழகியவர்கள் இதில் இடறுவார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆகவே முதல் கேள்வியாக, சீட்டில் உள்ள எடை ஒரு கல்லுக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியமானது: கல்லின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?

கேரட் என்பது எடை. 200 மில்லிகிராம் ஒரு கேரட், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்கும் 9 கேரட் தங்கத்தில் வரும் கேரட் வேறு. அது 375 என்ற முத்திரையோடு பொன்னின் மாற்றைச் சொல்வது, கல்லின் எடையோடு அதற்கு ஓர் உறவும் இல்லை. காதில் நிற்கும் தோட்டைப் பார்ப்பவருக்கு எடை தெரியாது, முகத்தின் அகலம் மட்டுமே தெரியும். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதுதான் தோடு வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு. கல்லுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருப்பதால், விட்டம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் எடை எட்டு மடங்காக வேண்டும். எடையை இரண்டு மடங்காக்கினால் விட்டம் ஏறத்தாழக் கால் பங்கே கூடும்.

நன்றாகப் பட்டை தீட்டிய வட்டக் கல்லில் 10 சென்ட் என்பது சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். கால் கேரட் 4.1, அரை கேரட் 5.2, முக்கால் கேரட் 5.9, ஒரு கேரட் 6.5, ஒன்றரை கேரட் 7.4, இரண்டு கேரட் 8.2 என்று போகும். அரையிலிருந்து ஒன்றுக்குப் போனால் காதில் கூடுவது 1.3 மில்லிமீட்டர்தான், ஆனால் பெரிய கல் அரிது என்பதால் கேரட் ஒன்றுக்கான விலையும் சேர்ந்து ஏறி, மொத்தத் தொகை இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். அரை, முக்கால், ஒன்று என்ற எல்லைகளில் விலை திடீரென்று ஒரு படி ஏறுவதும் உண்டு. அதனால் 50 சென்ட்டுக்குப் பதில் 45 அல்லது 46 சென்ட் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். அகலத்தில் குறைவது 0.2 மில்லிமீட்டர் அளவே. எதிரே உட்கார்ந்து பேசுபவர் கண்ணுக்கு அது எட்டாது.

எடை ஒன்றாக இருந்தும் முகம் சிறுத்த கற்களும் உண்டு. வெட்டும்போது எடையைக் காப்பாற்ற அடிப்பகுதியை ஆழமாக விட்டுவிட்டால், வாங்குபவர் காசு கொடுத்த எடை காதுக்குப் பின்பக்கம் ஒளிந்துகொள்ளும். சான்றிதழில் ஆழம் என்ற இடத்தில், விட்டத்தில் 59 முதல் 62.5 விழுக்காடு வரை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 64, 65 என்று இருந்தால் மேலே சொன்ன அகலத்தை அந்தக் கல் தராது. தாய்வழி வந்த பழைய கற்களை மாற்றிக் கட்டுபவர்களுக்கும் இதே செய்திதான். பழைய வெட்டில் தலை உயர்ந்து, அடி ஆழ்ந்து, முகம் குறுகியிருக்கும். எடை போட்டு 'முக்கால் கேரட்' என்று சொல்லப்பட்ட ஆயாவின் கல், இன்றைய அரை கேரட்டைவிடச் சற்றே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. அதை மறுபடி தீட்டினால் எடை போகும், முகம் பெரிதாகிவிடாது. பழைய கற்களைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டு உறவினர்கள் 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து போனது. 1893-இல் 995 கேரட் எடையில் எக்ஸெல்சியர் கல் கிடைத்த அதே இடம். இங்குள்ள ஆஃப்ரிக்கான்ஸ் நாக்கு அதை 'யாகர்' என்றுதான் சொல்லும். வெயிலில் இலேசாக நீலம் காட்டும் குணத்துக்கான பெயர் அது. அளவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இனி காதை அளப்போம். கண்ணாடி முன் நின்று, பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக் காதுச் சோணையின் அகலத்தையும், துளையின் நடுவிலிருந்து சோணையின் கீழ் விளிம்புவரை உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்தான் உண்மையான எல்லை. தோட்டின் பாதி அகலம் அந்தத் தூரத்தைத் தொட்டால் கல் விளிம்பில் தொங்குவதுபோல் தெரியும். கீழே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தசை தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. துளையிலிருந்து விளிம்புவரை 5 மில்லிமீட்டர் என்றால், கல்லும் அதைப் பிடிக்கும் உலோகமும் சேர்ந்து 7-ஐத் தாண்டக் கூடாது. அதாவது கல் 6 முதல் 6.5 வரை. குழந்தையில் காது குத்தியவர்களுக்குச் சோணை வளர்ந்தபின் இரண்டு துளைகளும் ஒரே உயரத்தில் இல்லாமல் போவது சாதாரணம். இரண்டு காதையும் அளந்து, சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு மலிவான ஒத்திகை. அலுவலகத்தில் தாளில் துளையிடும் கருவியைத் தட்டினால் உதிரும் வட்டத் தாள்கள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. அது 80 சென்ட் கல்லின் முகம். கொஞ்சம் பசையோடு அதைத் துளைமேல் ஒட்டிக்கொண்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சிறிதாகத் தெரிந்தால் 7 மில்லிமீட்டருக்கு வெள்ளித்தாளை வட்டமாக வெட்டிப் பாருங்கள். பெரிதாகத் தெரிந்தால் 5-க்கு இறங்குங்கள். தலைமுடியை வழக்கமாக வாரும் விதத்திலேயே வாரிக்கொண்டு பார்க்க வேண்டும். கடையின் கண்ணாடி முகத்தோடு ஒட்டி நிற்கும், விளக்கும் கல்லுக்குச் சாதகமாகவே எரியும். அந்த இரண்டையும் நம்பிப் பலர் தேவைக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ வாங்கிவிடுகிறார்கள்.

பெரிய தோடு காதை இழுக்கிறது என்று கல்லின்மேல் பழி போடுவார்கள். ஒரு கேரட் கல்லின் எடை 0.2 கிராம்தான், இழுப்பது பெரும்பாலும் பொன். தலை கவிழ்வதற்குக் காரணம் வேறு: கல் காதைவிட்டு எட்டி முன்னால் நிற்பது. நான்கு பிடியும் உயரமான கூடையும் உள்ள ஓபன் செட்டிங்கில் கல் வெளியே நீண்டு, மெல்லிய சோணையில் கீழ்நோக்கிச் சாயும். மூன்று பிடிகள் வைத்துக் கூம்புபோல் கட்டியதில் கல்லின் அடி துளைக்குள் சற்று அமிழ்வதால் காதோடு ஒட்டி நிற்கும்; ஆனால் துளை நாளடைவில் அகலும் என்பதால் இளம் பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சுற்றிலும் பொன் விளிம்பு வைத்துக் கட்டினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலம் சும்மா கிடைக்கும். பின்பக்கத்தில் அகலமான தட்டையான திருகாணி போட்டால் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களும் நிமிர்ந்து நிற்கும். அழுத்திச் செருகும் வண்ணத்துப்பூச்சி மூடி பெரிய கல்லுக்கு ஆகாது. வீட்டுக்குள் தொலைந்தால் தேடலாம், காவடி நாளில் கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது?

அகலமும் வேண்டும், பணமும் அளவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நம் பாட்டிமார் கண்ட வழியே சிறந்தது என்று நினைக்கிறேன். ஒரே அளவுள்ள ஏழு கற்களை எடுத்தால், நடுக்கல்லைச் சுற்றி ஆறும் ஒன்றையொன்று தொட்டபடி சரியாகப் பொருந்தும். மொத்த அகலம் ஒரு கல்லின் மும்மடங்கு. பத்து சென்ட் கற்களால் செய்த ஏழுகல் தோடு ஒரு காதுக்கு 70 சென்ட் எடையில் 9 மில்லிமீட்டர் முகம் தரும், உலோகத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதே அகலத்துக்கு ஒற்றைக்கல் வேண்டுமென்றால் இரண்டரை கேரட்டுக்கும் மேற்பட்ட கல்லைத் தேட வேண்டும். ஒற்றைக்கல்லின் ஒளி வேறு, ஏழுகல்லின் ஒளி வேறு என்பது உண்மைதான். புடவைக்கும் கோயிலுக்கும் ஏழுகல், அலுவலகத்துக்கு ஒற்றைக்கல் என்று இரண்டையும் வைத்திருப்பவர்கள் இங்கே குறைவில்லை.

யாருக்கு, எங்கே போட என்பதும் அளவைத் தீர்மானிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறிய தோட்டையே பல பள்ளிகள் அனுமதிக்கும். 3 மில்லிமீட்டர் போதும். தினமும் போட்டுக்கொண்டு தூங்குபவருக்கும், தொலைபேசியைக் காதில் அழுத்திப் பேசுபவருக்கும் 4 முதல் 5 வரை உறுத்தாது. 7-க்கு மேல் போனால் அது விசேஷ நகை. தெருவில் நடக்கும்போது கழற்றிப் பையில் வைக்கத் தோன்றும் நகை எந்த அளவுள்ளது என்பதை டர்பனில் வாழ்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் மண்ணில் எடுத்ததும் அடர்த்தியில் ஒன்றே. மேலே சொன்ன அளவுகள் இரண்டுக்கும் பொருந்தும். விலை குறைவு என்பதால் அதில் தேவைக்கு மேல் பெரிய கல்லை எடுக்கும் ஆசை வரும், அப்போது தாள்வட்ட ஒத்திகையை நினைத்துக்கொள்ளுங்கள். வைரத்துக்குப் பதிலாக விற்கும் கற்களில் மோய்சனைட் இலேசானது, 6.5 மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ 0.9 கேரட்தான் நிறுக்கும். சிர்க்கோனியா கனமானது, அதே அகலத்தில் ஒன்றரை கேரட்டையும் தாண்டும். இவற்றில் கேரட்டைக் கேட்பதில் பொருளே இல்லை. தீட்டாத கல்லைக் காட்டி, "பெரிய கல், மலிவு விலை" என்று யாரேனும் வந்தால் அளவைக்கூடக் கேட்காமல் அனுப்பிவிடுங்கள். உரிமம் இல்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் 1986-ஆம் ஆண்டு வைரச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம்.

தேர்ந்தெடுத்த சோடியைத் தட்டில் கவிழ்க்காமல் அருகருகே வைத்து, கடைக்காரரை அளவுமானியால் இரண்டையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் வேறு சோடி கேளுங்கள். நிறத்தில் ஒருபடி முன்பின்னாக இருந்தாலும், பொன்னில் பதித்துக் காதுக்கு ஒன்றாகப் போனபின் தெரியாது. பற்றுச்சீட்டில் ஒவ்வொரு கல்லின் எடையும் மில்லிமீட்டர் அளவும் தனித்தனியாக எழுதப்படட்டும். ஒரு கல் தொலைந்தால் காப்பீட்டுக்காரர் கேட்பதும், இணைக்கல் தேடும் பொற்கொல்லர் கேட்பதும் அந்த இரண்டு எண்களைத்தான்.